கொம்பனி அண்ணையின் கலியாணக் கார்

உலகத்தின் முதல் காரைச் செய்தது ஒரு ஜெர்மன்காரர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில், எங்கள் தெருவில் இருந்த கொம்பனி அண்ணை கதைப்பதைக் கேட்டிருந்தால், அதைச் செய்தது அவர்தான் என்று கோயிலில் சத்தியமே பண்ணியிருப்பீர்கள். கார் செய்த காலத்தில் அவர் பிறந்திருக்கவில்லை என்பது ஒன்றுதான் இடித்தது.

"அப்ப எங்கட கொம்பனி சின்னக் கொம்பனி," என்றுதான் தொடங்குவார். "மூண்டு சில்லுத்தான் வைச்சனாங்கள். நாலாவதைப் பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டம்."

இந்தக் கொம்பனியில் அவர் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. வேலை, ஊரிலிருந்த உணவுத் தொழிற்சாலையில், பெட்டி அடுக்குகிற பகுதியில். கொம்பனிக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு, அது செய்த பழைய வெள்ளைக் கார் ஒன்று அவர் வீட்டு வாசலில் நின்றதுதான். எத்தனையோ பேர் ஓடிக் கைமாறி வந்த கார். ஆனாலும் "எங்கட கொம்பனி" என்று அவர் சொல்லும்போது, ஏதோ பங்குதாரர் கூட்டத்திலிருந்து இப்போதுதான் எழும்பி வந்தவர்போல இருக்கும்.

கொம்பனியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணை அதை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அவருடைய மனைவி பவளக்கா புருஷனின் பெயரைச் சொல்ல மாட்டா, "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுவா. அண்ணை கொம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டார். இரண்டும் ஒரே மரியாதைதான் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணைக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கும். சம்பளக் கடிதம் அனுப்புகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நான் இப்போது கோப்பன்ஹேகன் பக்கம் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறேன். பக்கத்தில் ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, தமிழ்க்கடை இருக்கிறது. கிரின்ஸ்டெட் அப்படி இல்லை. பஸ் வரும், ஆனால் நாங்கள் போக வேண்டிய நேரத்தில் வராது. கார் இல்லாவிட்டால் பால் வாங்குவதற்கும் யாருடைய முகத்தையாவது பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் அடுத்த வீட்டில் ஒரு ஜெர்மன் கார் இருந்தும் எங்களுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. ஏனென்றால் அந்தக் காரில் அரிசி மூட்டை ஏற்றக்கூடாது. ஈரக் குடையோடு ஏறக்கூடாது. மிக்சர் சாப்பிடக்கூடாது. கதவை அடித்துச் சாத்தினால் அடுத்த தைப்பொங்கல்வரை முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்.

கதவு சாத்துவது பெரிய பாடம். புதிதாக வீட்டுக்கு வருகிற எவரையும் தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்பு வாசலுக்குக் கூட்டிப்போவார். என் கணவர் முதல் நாள் போனபோதும் அதுதான் நடந்தது.

"தம்பி, கதவைச் சாத்தும்."

சாத்தினார்.

"என்ன கேட்டது?"

"ஒண்டும் கேக்கேல்லை அண்ணை."

"அதுதான்! அதுதான் கொம்பனி! மற்றவன்ர காரெண்டால் தகரப் பேணி விழுந்த மாதிரிக் கேக்கும். இது 'தொப்' எண்டு. இன்னொருக்காச் சாத்தும். வடிவாக் காதைக் குடும்."

நல்ல பனிக்காலம் அது. என் மனுசன் கைவிறைக்கத் திறந்தும் சாத்தியும் களைத்துப்போய் வந்தார். அண்ணைக்கு மட்டும் ஒரு கச்சேரி கேட்டு வந்த திருப்தி.

டென்மார்க்கில் பழைய கார்களைக் குறித்த காலத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிள்ளைக்குச் சோதனை என்றால் தாய்மார் விரதம் இருப்பார்களே, அண்ணை காருக்காக இருப்பார். பரிசோதனை நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொட மாட்டார். காலையில் எஞ்சின் மூடியான பொனற்றுக்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டுதான் புறப்படுவார்.

ஒரு முறை பரிசோதனை செய்த டெனிஷ்காரர் நல்ல கவனமான ஆள். காரைச் சுற்றி வந்தவர், பொனற்றில் செம்மஞ்சளாக ஏதோ பிடித்திருப்பதைக் கண்டு நின்றார். விரல் நகத்தால் சுரண்டினார். பிறகு பேனையை எடுத்தார். துரு என்று எழுதப்போகிறார் என்று அண்ணைக்கு விளங்கிவிட்டது.

"நில்லுங்கோ!" என்று டெனிஷில் கத்தினாராம். "அது துரு இல்லை! அது கடவுள்!"

அந்த மனிதர் நீண்ட சேவைக்காலத்தில் காரில் என்னென்னவோ கண்டிருப்பார். இதைக் கண்டிருக்க மாட்டார். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தார். கீழே வெள்ளை பளபளவென்று இருந்தது. கார் தேறியது. வருகிற முறை கடவுளை உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் தனக்கு வேலை சுலபம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அண்ணை அதற்குச் சம்மதிக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு ஊரெல்லாம் கடற்கரைக்குப் போனால் அண்ணை குடும்பத்தோடு தெற்கு ஜெர்மனிக்குப் போவார். அங்கே கொம்பனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார் என்று பவளக்கா தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னா. காவலாளி ஓடிவந்து போடச் சொல்ல, "பரவாயில்லை, எனக்குக் குளிராது" என்றாராம். உள்ளே அந்த மூன்று சில்லுக் காரின் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்று, அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகள் சிந்துவுக்குத் தமிழில் வரலாறு சொல்லத் தொடங்கினார். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்ன வேகத்தில், ஒரு சொல் விளங்காத வெளிநாட்டுக்காரர் கூட்டமொன்று அவரைச் சுற்றிக் கூடிவிட்டது. கடைசியில் கைதட்டினார்களாம்.

அவர் சொன்னது அவருடைய ஆஸ்தான கதை. அதை நீங்களும் கேட்டாக வேண்டும். அவர் வாயாலேயே கேளுங்கள்.

"மனுசன் காரைச் செய்துபோட்டான். செய்துபோட்டு வீட்டுக்குள்ள வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறான். சனம் சிரிக்குது. குதிரை இல்லாமல் வண்டி போகுமோ எண்டு கேக்குது. இவனுக்கு வெளியில எடுக்கப் பயம். மனுசி பாத்தா. ஒரு நாள் விடிய வெள்ளன, புருசன் நித்திரையால எழும்ப முன்னம், ரெண்டு பொடியளையும் ஏத்திக்கொண்டு தாய் வீட்டுக்கு வெளிக்கிட்டிட்டா! கேட்டவவோ? கேக்கேல்லை. எவ்வளவு தூரம்! றோட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. வழியில எண்ணெய் முடிஞ்சுது. பெற்றோல் செற் எங்க அப்ப? மருந்துக்கடையில வாங்கி ஊத்தினவ! குழாய் அடைச்சுப்போச்சு. விட்டவவோ? தொப்பியில குத்தியிருந்த ஊசியை இழுத்து..."

இந்த இடத்தில் வலக்கையை முன்னே நீட்டி, விரல்களைக் குவித்து, இல்லாத ஊசியால் இல்லாத குழாயைக் குத்துவார். அந்தக் கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் வரும்.

"...அந்த மனுசி போய்ச் சேர்ந்தாப் பிறகுதான் சனம் கொம்பனியை நம்பினது. மருந்துக்கடை எண்ணெயில ஓடின கார்! நாங்களும் யாழ்ப்பாணத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். அப்ப நாங்களும் கொம்பனியும் ஒரு வகையில சொந்தக்காரர்."

சிந்து பெரிய வகுப்புக்குப் போனதும் பள்ளிக்கூடத்தில் இந்தக் கொம்பனியைப் பற்றியே ஒரு கட்டுரை செய்தாள். தகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பிள்ளை போர்க்காலத்தையும் படித்துவிட்டு வந்திருந்தாள். பிடித்துக்கொண்டு வந்த மனிதர்களை அடித்து வேலை வாங்கிய காலம் ஒன்று கொம்பனிக்கும் இருந்தது, பிறகு கொம்பனியே அதை ஒப்புக்கொண்டது என்று டெனிஷில் வாசித்துக் காட்டினாள். அண்ணை ஒரு கிழமை காரைக் கழுவவில்லை. பிறகு என்னிடம் வந்து, "அதையும் சொல்லத்தான் வேணும் பிள்ளை. போரில இருந்து ஓடிவந்த நாங்களே அதை மறைச்சால் ஆர் சொல்லுறது?" என்றார். அன்றிலிருந்து கதையில் அந்தப் பகுதியும் சேர்ந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் "எங்கட கொம்பனி" என்று சொல்ல மாட்டார், "அவங்கள்" என்பார்.

ஒருவருக்கு மட்டும் அந்தப் பகுதியைச் சொல்ல மாட்டார். பொம்பிளைக்கு.

பொம்பிளை என்றால் கலியாணப் பெண். கிரின்ஸ்டெட் இருக்கிற யூட்லாந்துப் பகுதியில் எங்கே தமிழ்க் கலியாணம் நடந்தாலும் பொம்பிளையை மண்டபத்துக்குக் கொண்டுவருவது கொம்பனி அண்ணையின் கார்தான். அரிசி மூட்டைக்கு இல்லாத கார் பொம்பிளைக்கு எப்போதும் உண்டு. எரிபொருளுக்குக்கூடக் காசு வாங்க மாட்டார். பொனற்றில் பூமாலை, பின்சீட்டில் வலப்பக்கம் பொம்பிளை, முன்னால் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு அண்ணை. ஏறினதிலிருந்து இறங்கும்வரை கொம்பனியின் வரலாறு. என்னையும் அவர்தான் ஏற்றிப்போனார். முகத்தில் அவ்வளவு அலங்காரத்தோடு, மூன்று சில்லு, நாலு சில்லு என்று கேட்டுக்கொண்டு போன கடுப்பு எனக்கு நெடுங்காலம் இருந்தது.

அந்த வலப்பக்கச் சீட்டில் சிந்துவுக்கு இடம் கிடையாது. குழந்தையாக இருந்தபோதும் இடப்பக்கம்தான். "அது பொம்பிளையின்ர இடம் குஞ்சு. உன்ர முறை வரும். அப்ப அப்பா உன்னை ராசாத்தி மாதிரி ஏத்திக்கொண்டு போவன்," என்பார். சனிக்கிழமைகளில் அப்பா வேறு வீட்டு அக்காமாரை ஏற்றப் பூமாலை கட்டுவதை அவள் யன்னலில் நின்று பார்ப்பாள்.

முன்சீட்டில் பவளக்காவுக்கும் ஒரு எல்லை இருந்தது. ஸ்ரியரிங் அவவுடைய எல்லைக்கு வெளியே. ஒரு நாள் எங்கள் முன்னிலையிலேயே கேட்டா.

"இஞ்சேருங்கோ, எனக்கும் ஓடப் பழக்கிவிடுங்கோவன். ஒவ்வொரு வேலைக்கும் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்க வேண்டிக்கிடக்கு."

"உனக்கேனப்பா அந்தக் கரைச்சல்? நான் இருக்கிறன்தானே."

புருஷனைக் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு போன ஜெர்மன்காரியைத் தெய்வமாகக் கும்பிட்ட மனிதர்தான் இதைச் சொன்னார். பவளக்கா சீட்டைக் கொஞ்சம் முன்னே இழுத்தால்கூட, "கொம்பனி அளந்து வைச்சதை மாத்தாதை" என்பார். நான் அந்த ஜெர்மன்காரியை ஞாபகப்படுத்தியபோது, "அது வேற காலம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பவளக்கா மறுபடி கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மாலை நேரத்தில் டெனிஷ் கூர்ஸ், அதாவது மொழி வகுப்பு, என்று சொல்லிக்கொண்டு போகத் தொடங்கினா. வயதானவர்களைப் பராமரிக்கிற வேலையில் காலம் முழுக்க டெனிஷில் வெளுத்துக்கட்டுகிற பவளக்காவுக்கு எதற்கு டெனிஷ் கூர்ஸ் என்று எங்கள் தெருவில் எல்லோரும் யோசித்தோம். அண்ணை மட்டும் யோசிக்கவில்லை. அந்த நேரம் அவர் காரை மெருகூட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாரிக் காலத்தில் ஒரு நாள் அண்ணை கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பனி கொட்டுகிற றோட்டில் அவர் கொம்பனியின் கௌரவத்துக்கேற்ற நிதானத்தில் வந்துகொண்டிருக்கும்போது, நகரசபையின் சின்ன வெள்ளைக் கார் ஒன்று அவரை முந்திக்கொண்டு போய்விட்டதாம்.

"எந்த விசரன் ஓடினானோ! கொம்பனியை முந்துறதுக்கு ஒரு தராதரம் வேண்டாமே?"

பவளக்கா கறியைக் கிளறிக்கொண்டே, "அவசரமா ஒரு கிழவிக்கு மருந்து குடுக்கப் போயிருப்பினம்," என்றா.

இனிக் கலியாணம்.

சிந்துவின் கலியாணம் சில்க்போர்க்கில் நடந்தது. மண்டபம் ஊரின் ஒரு கரையில். சிந்து அலங்காரம் செய்துகொண்டிருந்தது ஏரிப் பக்கமாக ஒரு சிநேகிதியின் வீட்டில். மண்டபத்திலிருந்து காரில் சில நிமிடம்தான். அண்ணையின் திட்டம் இதுதான்: தகப்பனாக வாசலில் நின்று மாப்பிள்ளையை வரவேற்பார். உடனே வழுகிக்கொண்டு போய்ச் சிந்துவை ஏற்றிக்கொண்டு வருவார். பிறகு மணவறையில் தகப்பனாகப் போய் இருப்பார். திட்டத்தைப் பவளக்காவுக்குச் சொன்னார், எனக்குச் சொன்னார், சமையல்காரருக்குக்கூடச் சொன்னார். ஐயருக்குச் சொல்ல மறந்துபோனார்.

மாப்பிள்ளை வந்தார். ஆராத்தி எடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் தகப்பனார், ஒரு மரியாதைக்காக, "உங்கட கார் நல்ல பழைய கார்போல கிடக்கு?" என்று கேட்டுவிட்டார்.

பவளக்கா தூரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டா. நான் பேச்சை மாற்ற எழும்பினேன். ஆனால் அண்ணை தொடங்கிவிட்டார். "அப்ப எங்கட கொம்பனி சின்னக் கொம்பனி..." கதை சொல்லிக்கொண்டே சம்பந்தியோடு நடந்து, மணவறையில் ஏறி, பலகையில் இருந்தும்விட்டார். ஐயருக்கு அடுத்த நாள் வேறு ஊரில் இன்னொரு கலியாணம். அவர் பார்த்த முகூர்த்தங்களில் யார்தான் கதைக்காமல் இருந்தார்கள்? பொம்பிளையின் தகப்பன் வந்து இருந்தார், வேலையைத் தொடங்குவோம் என்று தொடங்கினார்.

கதை தொப்பி ஊசிக்கு வந்தது. அண்ணை வலக்கையை முன்னே நீட்டி விரல்களைக் குவித்தார். ஐயர் மிகவும் வசதியாக அந்த விரலில் தர்ப்பையைப் போட்டு, மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்பையும் கட்டி முடித்துவிட்டார். அண்ணை ஜெர்மன்காரியைத் தாய் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் கையைப் பார்த்தார்.

"இதென்ன ஐயா?"

"காப்பு."

"சரி, நல்லது. நான் ஒரு பத்து நிமிசத்தில போட்டு வாறன்."

"எங்க போறது?" ஐயர் நெய்க் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார். "காப்புக் கட்டியாச்சு. கலியாணம் முடிஞ்சு நான் அவிட்டுவிடுமட்டும் மண்டபத்து வாசல் தாண்டேலாது."

அண்ணையின் முகம் போன போக்கை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பிள்ளை பிறந்த நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்த ஒரு பயணம், ஒரு முழ நூலில் போய்விட்டது.

சுற்றியிருந்தவர்களுக்கு இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. வெளியே ஒரு பட்டாளம் கார் நின்றது. மாப்பிள்ளையோடு கோப்பன்ஹேகனில் வேலை செய்கிற, தமிழ்நாட்டைச் சேர்ந்த கார்த்திக் முதலில் வந்தார்.

"அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க. நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். என்னோடது பிராண்ட் நியூ, ஃபுல் எலெக்ட்ரிக். சத்தமே வராது."

"தம்பி, குறை நினையாதையும். அது கார் இல்லை. சில்லுப் பூட்டின கைத்தொலைபேசி."

பவளக்காவின் தம்பி நேசன், அண்ணையின் காரையே தான் ஓட்டிப்போவதாகச் சொன்னார். "நீ பிரேக்கை மிதிக்கிறது பாம்பை மிதிக்கிற மாதிரி," என்று அண்ணை அவர் வாயை அடைத்தார். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றம். மடியில் செருகியிருந்த கார்த் திறப்பை இடக்கையால் பொத்திப் பிடித்தபடியே மறுத்துக்கொண்டிருந்தார்.

சிந்துவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, யாருடைய காரிலாவது வரச் சொன்னார்கள். அவள் வழக்கம்போல டெனிஷில்தான் பதில் சொன்னாள். வீட்டில் தமிழ் விளங்கும், வாயில் வருவது டெனிஷ். யாருடைய காரிலும் ஏற மாட்டேன், அப்பாவின் கார் வரட்டும் என்றாள். ஐயர் நேரம் போகிறது என்று மணியை ஆட்டினார். நேசன் போனில் சத்தம் போட்டார். அப்போது அவள் தமிழில் ஒரு வசனம் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் சொன்னனீங்கள்."

அண்ணை காப்புக் கையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். நூலை அறுத்துவிட்டு ஓடப்போகிறார் என்றே நினைத்தேன்.

பட்டுச்சேலை சரசரக்கப் பவளக்கா முன்னால் வந்து கையை நீட்டினா.

"தாங்கோ."

"என்ன?"

"திறப்பை."

"உனக்கு ஓடத் தெரியாதப்பா."

"எனக்குத் தெரியும். அது உங்களுக்குத்தான் தெரியாது." கைப்பைக்குள்ளிருந்து ஓட்டுநர் அட்டையை எடுத்து அண்ணையின் கண்ணுக்கு நேரே பிடித்தா.

"அப்ப டெனிஷ் கூர்ஸ்?"

"கூர்ஸ்தான். கார் ஓடுற கூர்ஸ்."

"எந்தக் காரை ஓடினனீ?"

"வீடு வீடாப் போய்க் கிழவன் கிழவியளைப் பாக்கத் தாற சின்ன வெள்ளைக் கார். போன மாரியில பனிக்குள்ள உங்களை முந்தினது நான்தான்."

கார்த்திக் "சூப்பர் ஆண்ட்டி!" என்று கைதட்டிவிட்டு, யாரும் சேர்ந்து தட்டாததால் நிறுத்திக்கொண்டார். அண்ணை மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. மெதுவாக மடியிலிருந்து திறப்பை எடுத்து அவவின் உள்ளங்கையில் வைத்தார். வைத்தவர் விரலை எடுக்கவில்லை.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும். கோவிக்காமல், பைய, தட்டிக்குடுத்துப் போட வேணும்."

"உங்களோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினனான். எனக்குத் தெரியாதே?"

போகிற வழியில் பவளக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. "நீயும் வா. தனியப் போகப் பயமாக் கிடக்கு." காரில் ஏறினால் சீட் அசைய மாட்டேன் என்கிறது. கொம்பனி அளந்து வைத்ததை யாரும் ஒரு நாளும் மாற்றாததால் இறுகிப்போயிருந்தது. நான் பின்னாலிருந்து தள்ள, அவ முன்னாலிருந்து இழுக்க, கடைசியில் ஒரு முனகலோடு முன்னே வந்தது. காலையில் அண்ணை சில்லுகளுக்குக் கீழே வைத்திருந்த நாலு தேசிக்காயையும் நசித்துக்கொண்டு புறப்பட்டோம். இரண்டாவது கியர் முதல் தடவையிலேயே விழுந்தது. நகரசபைக் காரில் பனிக்குள் பழகிய கை அது, நான் பயந்ததுதான் மிச்சம்.

சிந்து படியிறங்கி வந்தவள், ஸ்ரியரிங்கில் தாயைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பின்கதவைத் திறந்து வலப்பக்கம் ஏறினாள். கதவைத் 'தொப்' என்று சாத்தினாள். நான் தாய்க்குப் பக்கத்தில் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டேன்.

ஏரிக்கரையில் சிவப்பு விளக்கு விழுந்தது. பவளக்கா கண்ணாடியை நிமிர்த்திப் பின்னால் பார்த்தா. இத்தனை வருடமும் இடப்பக்கம் இருந்த பிள்ளை வலப்பக்கத்தில், நெற்றிச்சுட்டியோடும் மாலையோடும். அவ்வளவுதான். விளக்குப் பச்சையானது. அவவுக்கு அது தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். கிளச்சிலிருந்து கால் வழுகி எஞ்சின் நின்றது. பின்னால் நின்ற டெனிஷ்காரர்கள் ஹோர்ன் அடிக்காமல் பொறுமையாக நின்றார்கள், பொனற்றில் பூமாலையைக் கண்டிருப்பார்கள்.

"என்னால ஏலாது," என்றா பவளக்கா. "றோட்டே தெரியேல்லை."

எனக்குக் கார் ஓடத் தெரியும், ஆனால் அந்த நேரம் எனக்கும் கண் தெரியவில்லை. அப்போது பின்சீட்டிலிருந்து சிந்துவின் குரல் வந்தது. டெனிஷ் வாடை அடிக்கிற தமிழில், தகப்பனின் ஏற்ற இறக்கம் ஒன்று தவறாமல்.

"அப்ப எங்கட கொம்பனி சின்னக் கொம்பனி. மூண்டு சில்லுத்தான் வைச்சனாங்கள்..."

பவளக்கா முதலில் விக்கினா. பிறகு மூக்கை உறிஞ்சினா. "நாலாவதைப் பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டம்" என்ற இடத்தில் சிரித்துவிட்டா. எஞ்சின் எடுபட்டது. மருந்துக்கடை எண்ணெய் வரும்போது நாங்கள் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தோம்.

எனக்கு அங்கேதான் விளங்கியது. நான் கலியாணம் கட்ட டென்மார்க்குக்கு வந்தபோது தனியாகத்தான் வந்தேன். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். மண்டபத்தில் என் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை. காரில் ஏறி அந்த வலப்பக்கச் சீட்டில் இருந்தவுடனே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முன்னால் இருந்த முன்பின் தெரியாத மனிதர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை, தன்பாட்டுக்கு மூன்று சில்லுக் கதையைத் தொடங்கிவிட்டார். என்ன மனிதரடா இவர் என்று எரிச்சல் வந்தது. எரிச்சலில் அழ மறந்துபோனேன். மை கரையாமல் மண்டபத்தில் இறங்கினேன். அந்தக் காலத்தில் அவர் ஏற்றிய பொம்பிளைகள் எல்லோரும் என்னைப்போலத்தான், பெற்றவர்களைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர் எங்கள் எல்லோரையும் அழவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். நானோ அதைக் கொம்பனி விசர் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

கார் மண்டபத்து வாசலுக்கு வந்தபோது அண்ணை வாசற்படியில் நின்றார். வாசலைத் தாண்டக்கூடாது என்று ஐயர் சொன்னதால், பெருவிரல் இரண்டையும் படியின் விளிம்பில் வைத்து, காப்புக் கட்டிய கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு வெளியே சாய்ந்து நின்றார். பின்னாலிருந்து ஐயர் அவருடைய சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிந்து இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் அவளுடைய தலையைத் தொட்டார். பிறகு அவளுக்குப் பின்னால் வந்த பவளக்காவைப் பார்த்தார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"மூலையில திரும்பேக்க கேட்டனான்," என்றார். "ரெண்டாவது நல்லா விழுந்திது."

போன மாதம் கிரின்ஸ்டெட்டுக்குப் போயிருந்தேன். இருவரும் பஸ் தரிப்பிடத்துக்கு வந்து என்னை ஏற்றினார்கள். பவளக்காதான் ஓடினா. அண்ணை பக்கத்துச் சீட்டில், மடியில் என் பையை வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் மிக்சர் இருப்பது தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. கதையை மட்டும் விடவில்லை, ஆனால் முடிவு மாறியிருக்கிறது. இப்போது ஜெர்மன்காரி தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோடு அது முடிவதில்லை.

"அந்தப் புருசனை ஆரும் யோசிக்கிறேல்லை, பாத்தியே?" என்றார். "பாவம் மனுசன். நித்திரையால எழும்பிப் பாத்தால் காரும் இல்லை, மனுசியும் இல்லை. வாசல்ல நிண்டு, எங்கயாவது சத்தம் கேக்குதோ எண்டு பொழுதுபடுமட்டும் காதைக் குடுத்துக்கொண்டு நிண்டிருப்பான்."

பவளக்கா றோட்டைப் பார்த்தபடி சிரித்தா. நான் பின்சீட்டில் வலப்பக்கமாக நகர்ந்து இருந்துகொண்டு, "அண்ணை, முதல்ல இருந்து சொல்லுங்கோ," என்றேன்.